ஏழுக்கு ஒரு குறுக்குக் கோடு

போன சனிக்கிழமை ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி என்னிடம் ராஜினாமா கொடுத்தாள்.

கடிதம் எல்லாம் இல்லை, வாய்மொழிதான். "நான் இனித் தமிழ்ப் பள்ளிக்கு வரேல்லை ரீச்சர்" என்றாள். பென்சில் டப்பாவை மூடினாள். பையில் வைத்தாள். ஜிப்பைக் கடைசிவரை இழுத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்துகொண்டாள். வகுப்பு முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அதுவரை எங்கேயும் போக முடியாதே, சின்னப் பெண்... அதனால் உட்கார்ந்திருந்தாள்.

வாராவாரம் படிப்பவர்களுக்கு என் சனிக்கிழமைக் கதை தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். வாரத்தில் ஐந்து நாள் ஒரு லேபில் வேலை. சனிக்கிழமை பத்து முதல் ஒரு மணி வரை, ஜெர்மனியில் வூப்பர்ட்டால் நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் அறையைக் கேட்டு வாங்கி, பன்னிரண்டு பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லோரும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள். நான் மட்டும் மதுரை. எங்கள் ஊரில் டீச்சர், இங்கே ரீச்சர். முதல் வருடம் திருத்திப் பார்த்தேன். இப்போது என் வீட்டுக்காரரே கிண்டலுக்கு ரீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்.

ராஜினாமா கொடுத்தவள் பெயர் மினி. வீட்டில் கூப்பிடும் பெயர்தான். பள்ளியிலும் அதுவே நிலைத்துவிட்டது. பன்னிரண்டு பேரில் இவள் மட்டும்தான் யாழ்ப்பாணத்தில் படித்துவிட்டு வந்தவள். அப்பா இங்கே ஒரு ரெஸ்டோரண்ட் சமையலறையில் இருக்கிறார். போன வருடம்தான் அம்மா வதனியும் மினியும் அவரிடம் வந்து சேர்ந்தார்கள். தமிழில் மினியை அடிக்க ஆள் கிடையாது. ஜெர்மன்தான் இன்னும் தடுக்கித் தடுக்கி வருகிறது. ஜெர்மன் பள்ளியில் பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று ஒருமுறை வதனி சொல்லியிருக்கிறாள்.

சரி, ராஜினாமாவுக்குக் காரணம்? என்னுடைய ஐடியா.

எனக்கு ஐடியா வந்தால் யாராவது ஒருவருக்குக் கஷ்டம் என்பது என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆறு வாரக் கோடை விடுமுறை தொடங்குவதற்கு முன், பிஸ்கட் டின் ஒன்றில் எல்லோர் பெயரையும் சீட்டு எழுதிப் போட்டேன். என் பெயரையும் சேர்த்தேன். ஆளுக்கு ஒரு சீட்டு. யார் பெயர் வருகிறதோ, அவருக்கு விடுமுறையில் ஒரு போஸ்ட்கார்ட் போட வேண்டும். தமிழில், கையால் எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி. முகவரிகளை எல்லாம் நானே கரும்பலகையில் வரிசையாக எழுதிப் போட்டேன். பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொண்டார்கள்.

ரகசியம் என்று மூன்று தடவை சொன்னேன். அரை மணி நேரத்தில் யாருக்கு யார் என்பது வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. மினியின் பெயர் ஆரணிக்கு வந்திருந்தது. ஆரணி யார் தெரியுமா? இங்கேயே பிறந்தவள், வகுப்பின் ராணி. எல்லோரும் அவள் பக்கத்து நாற்காலிக்குத்தான் அடித்துக்கொள்வார்கள். அவளே மினியின் காதில் போய்ச் சொன்னாளாம், "உனக்கு நான்தான். யாழ்ப்பாணத்திலயிருந்து போடுறன்" என்று. அன்று மினி வீட்டுக்குப் போகும்போது நடக்கவில்லை, குதித்துக்கொண்டு போனாள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன்.

மினிக்கு வந்த சீட்டில் என் பெயர் இருந்தது.

நாங்கள் மதுரைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது அவள் கார்ட் தபால்பெட்டியில் கிடந்தது. படத்தில் இந்த ஊர்த் தொங்கு ரயில், மேலே தண்டவாளத்தில் தொங்கியபடி ஓடுவது. வூப்பர்ட்டாலுக்கு வந்த டூரிஸ்ட் வாங்குவானே, அந்தக் கார்ட். பின்னால் மணி மணியான கையெழுத்து. "ரீச்சர், நாங்கள் ஒரு இடமும் போகேல்லை. அப்பாவுக்குக் கோடையிலதான் வேலை கூடுதல். இந்த ரயிலில நீங்களும் ஏறியிருப்பீங்கள். ஆரணியின்ர காட் இன்னும் வரேல்லை. நாளைக்கு வரும்."

நான் என்ன செய்தேன்? "எவ்வளவு க்யூட்" என்றேன். ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். ஊரிலிருந்து கொண்டுவந்த ஊறுகாய் பாட்டில் பெட்டிக்குள் உடைந்த விவகாரத்தைப் பார்க்கப் போய்விட்டேன். பள்ளி திறக்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ஒரு போன் போட்டிருந்தால் போதும். போடவில்லை. இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன சனிக்கிழமை, விடுமுறைக்குப் பிறகு முதல் வகுப்பு. வந்த கார்டுகளை எல்லாம் சுவரில் ஒட்டி, ஒவ்வொருவராக எழுந்து பயணக் கதை சொல்ல வேண்டும். சொன்னார்கள். பாரிஸில் சித்தி வீடு, டொராண்டோவில் மாமா வீடு, நெதர்லாந்துக் கடற்கரையில் காணாமல் போன ஒற்றைச் செருப்பு. பிறகு ஆரணி எழுந்தாள். யாழ்ப்பாணம் சூப்பர், கடல் சூப்பர், ஐஸ்கிரீம் சூப்பர், மச்சாள்மார் – அத்தை, மாமா பெண்கள் – சூப்பர். எல்லாமே சூப்பர்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஆகஸ்ட் முடிந்தால் ஜெர்மனியில் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்வி – லீவில் எங்கே போனீர்கள்? ஆபீஸ் காபி மெஷின் முன்னால் அதே கேள்வி. பல் டாக்டர் நம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டும் அதையேதான் கேட்கிறார். எங்கேயும் போகாதவன் என்ன சொல்வான்? "பால்கனியில்" என்று ஒரு ஜோக் அடித்துத் தப்பிப்பான். ஒன்பது வயதில் அந்த ஜோக் வராது.

மினியின் முறை வந்தது. அவளுக்குச் சொல்ல ஊர் இல்லை, சுவரில் ஒட்டக் கார்டும் இல்லை. எழுந்து நின்று, "எனக்கு ஒருத்தரும் எழுதேல்லை" என்றாள்.

ஆரணிக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் போட்டனான் ரீச்சர். உண்மையாப் போட்டனான்" என்றாள். பின் வரிசையிலிருந்து யாரோ ஜெர்மனில் பொய்க்காரி என்றார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். ராணி என்று கொண்டாடியவர்கள்தான். ஆரணி மேஜையில் கவிழ்ந்து அழ ஆரம்பித்தாள். மினி அவள் பக்கம் திரும்பவே இல்லை. என்னைப் பார்த்துத்தான் அந்த ராஜினாமாவைச் சொன்னாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரண்டு பேரில் ஒருத்தி பொய் சொல்கிறாளா? இல்லை, தபால்காரர் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பிக்கலாமா? மற்றவர்களை எழுத்து வேலையில் உட்கார வைத்துவிட்டு, ஆரணியை மெதுவாக எழுப்பி, எந்த முகவரிக்குப் போட்டாய் என்று கேட்டேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே நோட்டைப் புரட்டிக் காட்டினாள். தெருப் பெயர் சரி. வீட்டு நம்பர் 41.

மினியின் வீடு 47.

நான் பலகையில் 47 என்றுதான் எழுதினேன். சத்தியமாக எழுதினேன். இவள் பார்த்து எழுதுவதில் கோட்டைவிட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, சாக்பீஸை எடுத்து, எப்போதும் எழுதுகிற மாதிரியே பலகையில் பெரிதாக 47 எழுதினேன். இது என்ன நம்பர் என்று வகுப்பைக் கேட்டேன்.

"நாற்பத்தொண்டு" என்றார்கள். ஒரே குரலில்.

ஒரே ஒரு குரல் மட்டும் தனியாகக் கேட்டது. மினி. "நாற்பத்தேழு" என்றாள்.

உங்களுக்குப் புரிந்துவிட்டதா? எனக்கு இந்த ஊரில் பதினான்கு வருடம் ஆகியும் அந்த நிமிஷம்தான் புரிந்தது. ஜெர்மன்காரர்கள் ஒன்று என்ற எண்ணை எழுதினால் தலையில் நீளமாக ஒரு கோடு இழுப்பார்கள். பார்த்தால் நம் ஏழு மாதிரியே இருக்கும். குழப்பம் வராமல் இருக்க ஏழின் வயிற்றில் குறுக்கே ஒரு கோடு போடுவார்கள். அந்தக் கோடு இல்லை என்றால் இங்கே படித்த பிள்ளைக்கு அது ஒன்று. மதுரையில் படித்த எனக்கும் யாழ்ப்பாணத்தில் படித்த மினிக்கும் அது ஏழு. மற்றவர்கள் வீட்டு நம்பரில் ஏழே இல்லை, தப்பித்தார்கள்.

வகுப்பு முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டேன். ஆரணி பொய் சொல்லவில்லை, தப்பு ரீச்சருடையது என்றேன். பின் வரிசைக்கு ஒரு முறைப்பும் கொடுத்தேன். ஆரணியின் அழுகை நின்றது. மினி மட்டும் அசையவில்லை. அவள் பார்வையில் ஒரு நியாயம் இருந்தது. நம்பர் தப்பாக இருக்கலாம். ஆனால் கார்ட் எங்கே?

ஒரு மணிக்கு வதனி மகளைக் கூட்டிக்கொண்டு போக வந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் என்மேல் கோபப்பட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "லீவு ஆறு கிழமையும் லெற்றர் பொக்ஸை ஒரு நாளைக்கு மூண்டு தரம் திறந்து பாத்தவள் அக்கா" என்றாள், அவ்வளவுதான். ஆரணியின் அம்மாவுக்குப் போனில் சொல்லிவிட்டு, நாலு பேருமாக 41-ஐத் தேடிப் போனோம். பத்து நிமிஷ நடை. ஆரணி என் இடது பக்கம், மினி வதனியின் வலது பக்கம். நடுவில் பெரியவர்கள் இரண்டு பேர், சுவர் மாதிரி.

41 ஒரு சலூன்.

கதவைத் திறந்ததும் ஷாம்பூ வாசனை. ஒரு அம்மாள் தலையில் ஃபாயில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். நடத்துகிறவர் ஒரு துருக்கிக்காரப் பெண், கையில் பிரஷ். நான் ஜெர்மனில் விஷயத்தை ஆரம்பித்து முதல் வாக்கியத்தையே முடிக்கவில்லை, அவர் பிரஷ்ஷாலேயே கண்ணாடியைக் காட்டினார். கண்ணாடியின் மூலையில், டேப் போட்டு, யானைப் படத்தோடு ஒரு போஸ்ட்கார்ட்! பக்கத்தில் சின்னச் சீட்டு – யாருக்காவது இதைப் படிக்கத் தெரியுமா என்று ஜெர்மனில் எழுதியிருந்தது.

கார்டில் பெயர் வெறும் மினி. குடும்பப் பெயர் இல்லை. அதுவும் என் உபயம்தான், பலகையில் நான் எழுதியது அவ்வளவே. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு தெருவில் யாரைத் தேடுவது? தூக்கிப்போட மனசு வரவில்லையாம். யாரோ ஒரு குழந்தை பாடுபட்டு எழுதியது என்பது மட்டும் தெரிந்ததாம். முடிவெட்ட வந்தவர்களிடம் எல்லாம் காட்டிக் கேட்டிருக்கிறார். ஸ்டாம்ப் வழியிலேயே உரிந்துபோயிருந்ததால், ஒருவர் தாய்லாந்து என்றாராம், ஒருவர் ஜார்ஜியா என்றாராம். தமிழ் என்று சொல்ல ஒரு தமிழர்கூடவா அங்கே முடிவெட்டப் போகவில்லை! நம் ஆட்கள் வீட்டிலேயே மெஷின் வைத்திருக்கிறார்கள், என்ன செய்ய.

அவர் டேப்பை மெதுவாகப் பிரித்துக் கார்டை மினியிடம் கொடுத்தார். ஆரணி சட்டென்று முன்னால் வந்தாள். "சத்தமா வாசிக்காத. மனசுக்குள்ள வாசி" என்றாள். குரல் கெஞ்சியது.

மினி மனசுக்குள் வாசித்தாள். நான் நாகரிகமான மனுஷி என்றால் திரும்பி நின்றிருப்பேன். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். ஏழெட்டு எழுத்துப் பிழை. ஒன்றையும் வட்டமிடத் தோன்றவில்லை.

"மினி, இஞ்ச சரியான வெயில். நான் தமிழ் கதைச்சா எல்லாரும் சிரிக்கினம். மச்சாள்மார் என்னை மாதிரிக் கதைச்சுக் காட்டுகினம். அதால நான் இப்ப கதைக்கிறேல்லை. எனக்கு இஞ்ச ஒரு சினேகிதியும் இல்லை. நீ இருந்தா எனக்குச் சரியாச் சொல்லித் தருவாய். உன்னை நினைச்சு அழுதனான். ஆரணி."

எல்லாம் சூப்பர் என்று சொன்ன பிள்ளை! முகத்தைத் திருப்பிக்கொண்டு ஷாம்பூ பாட்டில் ஒன்றை எடுத்து விலை பார்க்கிற மாதிரி நின்றேன்.

சலூன்காரருக்கு ஆவல் தாங்கவில்லை. அத்தனை நாள் கண்ணாடியில் வைத்துக் காப்பாற்றியவர், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க அவருக்கு உரிமை இல்லையா? ஃபாயில் அம்மாளும் கழுத்தைத் திருப்பினார். மினி நிமிர்ந்து ஆரணியைப் பார்த்தாள். ஆரணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மினி ஜெர்மனில் பேசினாள். எங்கள் முன்னால் அவள் ஜெர்மன் பேசி நான் கேட்டதே இல்லை. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள். அங்கே நல்ல வெயிலாம். யானை பெரிசாம். தோழிக்கு என் ஞாபகமாம். அவ்வளவுதான் எழுதியிருக்கிறது என்றாள்.

சலூன்காரர் கைதட்டினார். ஃபாயில் அம்மாள், நல்ல தோழி என்றார். ஆரணி தலையைத் தூக்கி மினியைப் பார்த்த பார்வையை எழுதிக்காட்ட எனக்குத் திறமை போதாது.

வெளியே வந்தோம். "அடுத்த சனியும் பத்து மணிதானே அக்கா?" என்று வதனி சாதாரணமாகக் கேட்டாள். பத்து மணிதான் என்றேன், நானும் சாதாரணமாக. திரும்பி நடக்கும்போது பெரியவர்கள் பின்னால் போய்விட்டோம். முன்னால் இரண்டு பேரும், ஒரே கார்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

பிறகு மினியின் குரல் கேட்டது.

"ஆர் உன்னைப் பாத்துச் சிரிச்சது?"

"மூண்டு மச்சாள்மாரும்."

"அடுத்த முறை நானும் வாறன். எனக்கு முன்னால சிரிக்கட்டும் பாப்பம்."

முன்பின் தெரியாத அந்த மூன்று மச்சாள்மாரை நினைத்தால், எனக்கு இப்போதே கொஞ்சம் பாவமாக இருக்கிறது.