அரை டீச்சர்

சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டால், உள்ளூரில் படித்தவர்கள் தொகை சொல்லக் கூடாது. "உங்க சித்தம்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். சீமைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவர்களுக்கு அந்தக் குனிதல் கிடையாது. அவர்கள் தொகையைச் சொல்வார்கள், கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். முப்பதுகளின் கடைசியில் புதுக்கோட்டையில் இதுதான் நடைமுறை. இதை யார் ஏற்படுத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நேரில் போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

நான் திருச்சியில் கணக்கில் பி.ஏ. படித்து, சென்னையில் எல்.டி. என்ற ஆசிரியர் படிப்பை முடித்திருந்தேன். ராஜ வீதிக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர் இரண்டு பேர் வேண்டுமென்று ஆள் எடுத்தார்கள். அந்த வேலை எனக்குக் கட்டாயம் வேண்டும். நார்த்தாமலைப் பக்கம் விவசாயம் பார்த்த என் அப்பா, பெண்ணைப் படிக்க வைத்ததற்காக ஊரில் கேட்காத பேச்சில்லை. "ஆவணிக்குள்ள வேலைன்னா வேலை. இல்லைன்னா கல்யாணம்" என்று முடிவாகச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளைகூடத் தயார். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை, பார்க்கும் ஆசையும் இல்லை.

இன்டர்வியூவுக்கு என் தாய்மாமா கூட வந்தார். பஸ்ஸிலேயே பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார்.

"சம்பளம் என்ன வேணும்னு கேப்பாக. உங்க சித்தம்னு சொல்லு. வேற எதையாவது சொல்லிப்புடாத தாயி. ஒன் வாய் எனக்குத் தெரியும்."

பள்ளி வராந்தாவில் எனக்கு முன்னால் காத்திருந்தவளைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. திருச்சிக் கல்லூரியில் எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்தவள். வசதியான வீட்டுப் பெண். பி.ஏ. முடித்ததும் அவளுடைய அப்பா அவளைக் கப்பலேற்றி லண்டனுக்கு அனுப்பினார். நான் சென்னையில் படித்த அதே ஆசிரியர் படிப்பை அவள் அங்கே படித்தாள். கெட்டிக்காரி. அவள் படிப்பை நான் அன்றைக்கும் குறை சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

முதலில் அவளைக் கூப்பிட்டார்கள். போன வேகத்தில் வெளியே வந்தாள்.

"நூத்தி இருவது கேட்டேன்டி. சரின்னுட்டாங்க."

அடுத்து நான். பள்ளியை நடத்திய கமிட்டியின் தலைவரை எல்லாரும் மானேஜர் என்பார்கள். அவர் சரிகைத் தலைப்பாகையோடு நடுவில் உட்கார்ந்திருந்தார். நான் நின்றேன்.

"சம்பளம் என்ன எதிர்பாக்குற?" என்றார்.

மாமா சொல்லிக்கொடுத்தது நாக்கு நுனியில் இருந்தது. அதை விழுங்கினேன்.

"நூத்தி இருவதுங்க."

கமிட்டி முழுக்கச் சிரித்தது. "அவங்க லண்டன்ல படிச்சவங்க. ஒனக்கு அறுவது. அதுவே ஜாஸ்தி" என்றார் மானேஜர். அவளுக்கு 'அவங்க', எனக்கு 'நீ'. கப்பல் கட்டணத்தில் மரியாதையும் சேர்த்தி போலிருக்கிறது.

"லண்டன்லயும் ரெண்டும் ரெண்டும் நாலுதானுங்களே?" என்றேன்.

சிரிப்பு நின்றது. "அவங்க அப்பா எவ்வளவு செலவு பண்ணிருக்காரு தெரியுமா?"

"பண்ணினது அவரோட இஷ்டமுங்க. அதைப் பள்ளிக்கூடம் எதுக்குத் திருப்பிக் குடுக்கணும்? ரெண்டு பேரும் ஆளுக்கு ஆறு பீரியடுதானே எடுக்கப் போறோம்?"

"அறுவது. இஷ்டமிருந்தா சேரு, இல்லைன்னா கெளம்பு."

ஆவணி மாதம் கண் முன்னால் வந்து நின்றது. ஆத்திரமும் வந்தது. "சேருறேங்க. ஆனா பாதிச் சம்பளத்துக்குப் பாதி பீரியடுதான் எடுப்பேன். மூணு" என்றேன்.

மானேஜர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "சரி, சரி, மூணே எடு" என்றார். சின்னப் பெண்ணின் வாய்த்துடுக்கு என்று நினைத்திருப்பார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

முதல் நாள் மூன்று பீரியடு எடுத்தேன். மத்தியான மணி அடித்ததும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தலைமையாசிரியை வாசல் வரைக்கும் ஓடி வந்தார்.

"எங்க போறீங்க?"

"வீட்டுக்குங்க. என் வேலை முடிஞ்சுது. மானேஜரக் கேட்டுப் பாருங்க."

பல்லவன் குளத்தை ஒட்டி வெயிலில் நடந்து, அம்மாவும் நானும் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். ஊர் எனக்கு 'அரை டீச்சர்' என்று பெயர் வைத்தது. மாமா ஓடி வந்து தலையில் அடித்துக்கொண்டார். "வேலைய விட்டுத் தூக்கப் போறாக. ஒங்கப்பன் அங்கிட்டு கல்யாணத்துக்கு நாள் குறிக்க ஜோசியரப் பாக்கப் போயிட்டாரு!"

பயமாகத்தான் இருந்தது. ஆறாம் பாரத்துப் பிள்ளைகள் ஜன்னலில் நின்று நான் போவதைப் பார்ப்பார்கள். அந்த வருஷம் பள்ளியிறுதிப் பரீட்சைக்குப் போக வேண்டிய பிள்ளைகள். ஆனாலும் திரும்பவில்லை. ஒரு தடவை திரும்பினால் ஆயுசுக்கும் அரைச் சம்பளம்தான்.

என் மத்தியான வகுப்புகளை அவள் தலையில் கட்டினார்கள். அவளுடைய பிள்ளைகளோடு என் பிள்ளைகளையும் ஒரே அறையில் அடைத்துவைத்து, தொண்டை கிழியக் கத்திப் பாடம் நடத்தினாள். ஒரு சாயங்காலம் கோபமாக வீட்டுக்கு வந்தாள்.

"ஒன் சண்டைக்கு நான் எதுக்குடி ரெண்டு வகுப்பு எடுக்கணும்?"

"ஒனக்குத்தான் ரெண்டு டீச்சர் சம்பளம் வருதே."

அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டாள். சிநேகிதம் தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

பிள்ளைகளின் பெற்றோர்கள் பள்ளிக்கு வந்து சத்தம் போட்டிருக்கிறார்கள். மறுவாரம் மானேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே சம்பளம்ங்கிறதுதானே ஒன் வழக்கு? ஆகட்டும். இந்த மாசத்துலேருந்து ரெண்டு பேருக்கும் அறுவது. சந்தோஷமா?" என்று என்னைக் கேட்டுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு அவளைப் பார்க்கவே முடியவில்லை. அவள் என்ன தப்பு செய்தாள்? எங்கள் இரண்டு பேரையும் மோதவிட்டு வேடிக்கை பார்க்கலாம் என்பது அந்த மனிதரின் கணக்கு.

அவள் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். "சரிங்க. அப்ப நானும் இன்னையிலேருந்து மத்தியானத்தோட வீட்டுக்குப் போறேங்க."

மானேஜர் நிமிர்ந்தார். "இதைத்தான் சீமையில கத்துக்கிட்டு வந்தீங்களா?"

"இல்லைங்க" என்று என் பக்கம் கையைக் காட்டினாள். "உள்ளூர்ல கத்துக்கிட்டது."

அன்றைக்கு மத்தியானம் இரண்டு பேரும் சேர்ந்தே வாசலைத் தாண்டினோம். மத்தியானம் கணக்கு எடுக்க ஆளே இல்லாமல் போகவே, அடுத்த மாதம் அவளோடு எனக்கும் நூற்றிருபது வந்தது, சமஸ்தானத்துச் செப்புக்காசான அம்மன் காசு ஒன்றுகூடக் குறையாமல். மானேஜர் எங்களோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். நாங்களும் அவரைத் தேடிப் போய்ப் பேசவில்லை.