ஹ்ருஸ்கா வீட்டு முகவரியில் ஏழு பிள்ளைகள்

வெர்லீன் ஹ்ருஸ்கா எங்கள் பள்ளியின் பதிவாளர். பிள்ளைகளைச் சேர்ப்பதும் பெயர் நீக்குவதும் அவள் வேலை. நான் அங்கே நர்ஸ். எங்கள் இருவருடைய மேஜைக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்புதான்.

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது ஸ்டில்சன் ப்ரேரி பள்ளி மாவட்டத்தில் இருந்ததே ஒரு பள்ளிதான். முந்நூற்றுப் பத்துப் பிள்ளைகள். எந்தப் பிள்ளை எந்தப் பருத்திக் காட்டிலிருந்து வருகிறது, அந்த வீட்டு நாயின் பெயர் என்ன என்பது வரை அவளுக்குத் தெரியும். பிறகு டாலஸிலிருந்து சுங்கச்சாலை வந்தது, கூடவே புது வீடுகளும். அந்த ஆகஸ்டில் நூறு பேர் கூடுதலாக வருவார்கள் என்று எதிர்பார்த்தோம். முதல் நாள் காலை எட்டு மணிக்குப் புதிதாக மட்டும் நானூறு பேர் வாசலில் நின்றார்கள். சாப்பாட்டுத் தட்டு போதாமல் காகிதத் துண்டில் பீட்சா வைத்துக் கொடுத்தோம். விளையாட்டுக் கூடத்து மேடையில் இரண்டாம் வகுப்பு நடந்தது. அதற்குப் பின் வருஷத்துக்கு ஒரு புதிய பள்ளி, சில வருஷம் இரண்டு. இருபத்து மூன்றாவது பள்ளி திறந்த சமயம் அதன் பெயர் வெர்லீனுக்கே நினைவில் நிற்கவில்லை.

பள்ளிகள் பெருகப் பெருக எல்லைக்கோடுகளும் மாறின. எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பள்ளிக்கு என்பதற்காகச் சண்டை போடாத பெற்றோர் இல்லை. வெர்லீன் மட்டும் அசையமாட்டாள். கரண்ட் பில்லில் இருக்கும் முகவரிதான் அவளுக்கு வேதம். மாவட்ட வாரிய உறுப்பினர் ஒருவரின் தங்கை மகளையே ஒருமுறை திருப்பி அனுப்பினாள்.

"நான் யாருன்னு தெரியுமா?" என்று அந்த அம்மா கேட்டாள்.

"தெரியும் மேம். எங்க குடியிருக்கீங்கன்னுதான் தெரியல" என்றாள் வெர்லீன்.

அவள் கணவன் டெல்மர், தொண்ணூறு ஏக்கர் பருத்தி நிலத்தை வீடு கட்டும் கம்பெனிக்கு விற்றிருந்தான். கவுண்டி சாலைக்குக் கிழக்கே இருந்த அந்த நிலம் முழுக்க இப்போது வீடுகள். சாலைக்கு மேற்கே அவர்கள் வீடும், அதைத் தாண்டி எங்கள் பள்ளியும். பின்னால் எண்ணூறு பேருக்கென்று விரித்துக் கட்டிய பள்ளியில் ஆயிரத்து நூறு பேர் சேர்ந்ததும் வாரியம் மறுபடி கோடு போட்டது. இந்த முறை கவுண்டி சாலையே எல்லை. ஜன்னலைத் திறந்தால் எங்கள் கொடிக்கம்பம் தெரியும் வீடுகளின் பிள்ளைகள், பதினொரு மைல் தள்ளியிருந்த புதுப் பள்ளிக்குப் போக வேண்டியதாயிற்று.

அந்த வருஷம்தான் சேர்க்கைப் படிவங்கள் கணினி வழியாக நேரே தலைமை அலுவலகத்துக்குப் போகத் தொடங்கியிருந்தன. அக்டோபரில் சரிபார்ப்புக்காக ஒரு பட்டியல் வந்தது: ஒரே முகவரியில் நான்கு பிள்ளைகளுக்கு மேல் இருக்கும் வீடுகள். வெர்லீன் பேனாவால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். பேனா ஒரு இடத்தில் நின்றது.

"ரோனா, இங்க வா. இதைக் கொஞ்சம் படி" என்றாள்.

ஏழு பிள்ளைகள். நான்கு வேறு வேறு குடும்பப் பெயர்கள். முகவரி அவள் வீடு.

"கம்ப்யூட்டர் ஏதோ உளறியிருக்கும்" என்றேன்.

அவள் படிவங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். நான்கு குடும்பத்துக்கும் கரண்ட் பில்லுக்குப் பதில் நான்கு உறுதிமொழிப் பத்திரம். 'இவர்கள் என் வீட்டில், என்னோடு வசிக்கிறார்கள்.' கீழே டெல்மர் ஹ்ருஸ்காவின் கையெழுத்து, பக்கத்தில் நோட்டரி முத்திரை. வெர்லீன் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவள் நாடியைப் பார்த்தேன், தாறுமாறாக ஓடியது. அவள் வீட்டுக்குக் காரை நான்தான் ஓட்டிப் போனேன்.

டெல்மர் கொல்லையில் வேலிக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தான். அவள் தாளை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது உன் கையெழுத்தா?"

அவன் கண்ணாடியை எடுத்துப் போட்டு நிதானமாகப் படித்தான். "ஆமா."

"ஏழு பேர், டெல்மர்! நம்ம வீட்ல பெட்ரூமே ரெண்டு!"

"அதான் நாலோட நிறுத்திக்கலாம்னு பார்த்தேன். கிழக்கே குடியிருக்குற இஃபோமா வந்து அழுதா. மூணு பசங்க அவளுக்கு."

"சிரிக்காத! இருபத்தஞ்சு வருஷமா ஊரையே பில்லு கொண்டா, பில்லு கொண்டான்னு திருப்பி அனுப்பிருக்கேன். என் வீட்லயே பொய்ப் பத்திரம்!"

டெல்மர் கம்பியைக் கீழே போட்டான். "நெலம் விக்கும்போது அந்தக் கம்பெனிக்காரன் என்னைப் பக்கத்துல நிறுத்தி வெச்சுதான் வீடு வித்தான். 'உங்க பசங்க நடந்தே ஸ்கூலுக்குப் போலாம்'னு வர்றவங்ககிட்ட நான்தான் சொன்னேன், வெர்லீன். என் வாயால சொன்னேன். இப்ப நான் என்ன செய்யணும்?"

"என்கிட்ட சொல்லிருக்கணும்."

"சொல்லிருந்தா நீ என்ன பண்ணிருப்ப?"

அவள் தாளை மடித்துக்கொண்டு காருக்குத் திரும்பி நடந்தாள்.

மத்தியானமே அவள் தலைமையாசிரியர் பெல்லோஸிடம் தாளை வைத்தாள். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"நீ இதைப் பார்க்கவே இல்லைன்னு வெச்சுக்கலாமே. ஏழு பசங்கதானே? இன்னும் நாலஞ்சு வருஷத்துல அவங்களே பாஸ் பண்ணிப் போயிடுவாங்க."

டெல்மர் செய்ததைவிட இது அவளை அதிகம் உலுக்கியது என்று பின்னால் சொன்னாள். அவள் ஏழு பெயரையும் நீக்கினாள். நான்கு குடும்பத்துக்கும் தானே போன் செய்தாள். இஃபோமா கத்தவில்லை. "நீங்க வித்த நிலத்துலதான் மேம் இருக்கோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

அடுத்த வாரம் வாரியக் கூட்டம். பேச ஒருவருக்கு மூன்று நிமிஷம். வெர்லீன் எழுந்தபோது, வாரியத்துக்காகத்தான் பேசப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தோம்.

"பொய்ப் பத்திரம் கொடுத்தது என் புருஷன். பெயர் நீக்கினது நான். ரெண்டும் நடந்தது இந்தக் கோட்டால. அந்தத் தெருவுக்கு நேத்து போய்ப் பார்த்தேன். அஞ்சு வயசுப் புள்ள இருட்டுல பஸ்ஸுக்கு நிக்குது. ஒரு நாள் பஸ் வரவே இல்ல. டிரைவர் இல்லையாம். கோட்டை மாத்துங்க. முடியலைன்னா பஸ்ஸையாவது ஒழுங்கா விடுங்க."

வாக்கெடுப்பில் மூன்றுக்கு நான்கு. கோடு மாறவில்லை. டெல்மர் மீது வழக்குப் போடாமல் எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்கள்.

அவள் ஆறு வாரம் அவனோடு பேசவில்லை. அதற்குள் அவன் பஸ் ஓட்டும் உரிமத்துக்குப் படித்து, ஒருமுறை தோற்று, மறுமுறை தேறினான். பிப்ரவரியில் ஒருநாள் காலை மஞ்சள் பஸ் ஒன்று எங்கள் பள்ளியைக் கடந்து கிழக்கே திரும்பியது. ஓட்டியவனைப் பார்த்து வெர்லீன் காபிக் கோப்பையைக் கீழே போட்டாள். அவளிடம்கூட அவன் சொல்லியிருக்கவில்லை. அறுபத்து மூன்று வயதில், ஒரு நாளைக்கு இருபத்திரண்டு மைல், அந்தப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தான்.

ஐந்து வருஷம் போனது. புது வீடுகள் வடக்கே நகர்ந்தன. எங்கள் பக்கத்து வீடுகளின் விலை ஏற, சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்களால் வாங்க முடியவில்லை. பள்ளியில் நானூற்றுப் பத்துப் பேர்தான் மிச்சம். கொல்லையில் நின்ற தற்காலிக வகுப்பறைகளை லாரியில் ஏற்றிப் போனார்கள். இந்த ஏப்ரலில் வாரியத்திலிருந்து கடிதம் வந்தது: மாணவர் குறைந்துவிட்டதால் கவுண்டி சாலைக்குக் கிழக்கே உள்ள வீடுகள் மீண்டும் இந்தப் பள்ளியோடு சேர்க்கப்படுகின்றன, அப்படியும் எண்ணிக்கை கூடாவிட்டால் பள்ளி மூடப்படும்.

வெர்லீன் இரண்டு தடவை படித்தாள். ஏழு பேரில் கடைசிப் பையனும் அதற்குள் எங்கள் பள்ளியின் ஐந்தாம் வகுப்பைத் தாண்டி, நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பில் இருந்தான்.

"மூடப் போறாங்களாமே, ரோனா" என்றாள். "இடம் பத்தலைன்னுதானே அந்தப் பசங்களை வெளியே அனுப்பினேன்?"

அப்புறம் தொலைபேசியை இழுத்து, கிழக்குத் தெருக்களில் சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகளின் பட்டியலை முன்னால் விரித்து, முதல் எண்ணை அழுத்தினாள்.