புள்ளிக்குப் பின்னால் வரும் எண்

ராசப்பன் இறந்த வெள்ளிக்கிழமை காலை எட்டு இருபதுக்குப் பொற்கொடி அவருடைய தலைமாட்டிலிருந்து எழுந்தாள்.

உயிர் போனது விடியற்காலை நான்கு மணிக்கு. மதுக்கரையில் கட்டிக்கொடுத்த மகள் வந்து சேர வேண்டும் என்று உடலை நடுவீட்டில் கிடத்தி வைத்திருந்தார்கள். சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் அழுதுகொண்டிருக்க, பொற்கொடி மட்டும் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும் குனிவதுமாக இருந்தாள். அவள் எழுந்ததும் ராசப்பனின் அக்கா பொன்னாத்தாள் கையை எட்டிப் பிடித்தாள்.

"எங்க போற?"

"எட்டரை ஆகுதுங்க நங்கையா."

"ஆனா ஆகுது. என்ர தம்பி இங்க கெடக்கறான், உனக்கு அந்தப் பொட்டியப் பாக்கோணுமா?"

"அஞ்சே நிமிசமுங்க. வந்தர்றன்."

"சனம் என்ன பேசும்? எடுத்துட்டுப் போற வரைக்கும் தாலியக் கட்டுனவன உட்டுப்போட்டு எவளாச்சும் நகருவாளா?"

பொற்கொடி கையை மெல்ல விடுவித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்தாள். பின்னால் யாரோ, "உடுங்க, பித்துப் புடிச்சுப்போச்சு" என்றார்கள்.

கொல்லையில் கம்பிவேலிக்குள் நான்கு கால்களில் நின்றது அந்த வெள்ளை மரப்பெட்டி. வெயில் படாமல் காற்று மட்டும் நுழையும்படி நாலு பக்கமும் சரிந்த பலகைகள், வடக்குப் பார்த்த கதவு, உள்ளே நான்கு வெப்பமானிகள். பக்கத்தில் மழைமானி. தெருப்பிள்ளைகள் அதைப் புறாக்கூண்டு என்பார்கள். பெருந்துறைக்கு மேற்கே கருக்கம்பாளையம் என்ற அந்தச் சின்ன ஊரில் இருந்த அந்த வானிலை நிலையம் உலக வரைபடத்தில் ஒரு புள்ளியாகவும் ஐந்து இலக்க எண்ணாகவும் குறிக்கப்பட்டிருந்தது. அது ராசப்பனுக்கு எப்போதும் பெருமை.

ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து சேலையை இழுத்தது. பொற்கொடி கதவைத் திறந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டாள்; மூச்சுச்சூடு பட்டால் பாதரசம் ஏறிவிடும். இருபத்தாறு புள்ளி மூன்று. ஈரத்துணி சுற்றியதில் இருபத்திரண்டு புள்ளி ஒன்று. மழை இல்லை. மேகம் எட்டில் ஆறு பங்கு. பதிவேட்டில் எழுதி, ஐந்தைந்து எண்களாகக் குறியீட்டில் மாற்றி, தந்தித் தாளையும் நிரப்பினாள். பதிவேட்டில் அளவு எடுத்தவர் கையொப்பமிடும் கடைசிக் கட்டத்தில் பேனா தானாகவே ஒரு 'ரா' போட்டது. பத்து வருடப் பழக்கம்.

உள்ளே வந்தபோது துக்கம் கேட்க நஃபீசா வந்து நின்றிருந்தாள். தபாலாபீசில் தந்தி பார்ப்பவள். தினமும் இந்த எண்களை ஈரோட்டுக்குப் போனில் ஒவ்வொன்றாக வாசித்துச் சொல்வது அவள்தான். பொற்கொடியின் இரண்டு கைகளையும் பிடித்து அழுதாள். அழுது முடிந்தபோது நஃபீசாவின் உள்ளங்கையில் மடித்த தந்தித் தாள் இருந்தது.

"அக்கா, இன்னைக்குமா?"

"ஒன்பதுக்குள்ள போயிரோணும் நஃபீசா."

பிறகுதான் பொற்கொடி உட்கார்ந்து அழுதாள்.

*

ராசப்பன் அறிவியல் வாத்தியார். தோட்டங்காட்டில் கூலிக்குப் போன குடும்பத்தில் முதலில் படித்தவர். வானிலைத் துறை அந்த வட்டாரத்தில் பகுதிநேர ஆள் தேடியபோது பள்ளியில் அவரைக் கைகாட்டினார்கள். பெட்டியை வைக்கத் திறந்த வெளி வேண்டும். ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருந்த அவர் வீட்டுக் கொல்லை அதற்குச் சரியாக அமைந்தது. தெருவில் போனால், "மழை வாத்தியாரே, மழை எப்ப வரும்?" என்பார்கள். "வந்த மழையத்தான் நான் சொல்லுவேன். வரப்போறத மெட்ராஸ்ல கேளு" என்பார்.

அவர் மனைவிக்குச் சொல்லிக்கொடுத்ததும் ஒரு பெருமையில்தான். நம் காலை எட்டரைக்கு லண்டனில் இரவு மூன்று மணி. அந்த நிமிடத்தில் ரஷ்யாவில் ஒருவன், ஆஸ்திரேலியாவில் ஒருத்தி, கப்பலில் ஒருவன் இதே மாதிரி வெப்பமானி முன்னால் நிற்கிறார்கள். நம் எண்கள் ஈரோடு போய், மெட்ராஸ் போய், டெல்லி போய், அங்கிருந்து எல்லா நாட்டுக்கும் பிரியும். அவர்களுடைய எண்கள் நமக்கு வரும். சண்டை போடும் நாடுகள்கூட இதை நிறுத்துவதில்லை. "எவனும் வந்து சரிபாக்க மாட்டான் பொற்கொடி. நாம சொல்றதுதான்" என்பார்.

எண்பத்தாறு மார்ச்சில் ஒருநாள் காலை அளவை எடுத்துவிட்டுப் பள்ளிக்குப் போனவருக்குப் பதினொரு மணிக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. கோயம்புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆண்கள் எல்லாரும் வண்டியில் ஏறிவிட, வீட்டுக்குக் காவலாக விடப்பட்ட பொற்கொடி, மாலை ஐந்தரைக்கு என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டியைத் திறந்தாள். முப்பத்தொன்று புள்ளி ஏழு. கட்டத்தில் அவருடைய 'ரா'வை எழுதினாள். அவர் திரும்பி வரும்வரை என்று நினைத்தாள். அவர் திரும்பி வந்தார். எழுத வலக்கை வரவில்லை, பெட்டிவரை நடக்கக் காலும் வரவில்லை. பேச்சு மட்டும் குழறலாக மீண்டது. பள்ளி வேலையைத் தலைமையாசிரியர் முடித்து அனுப்பினார். பெட்டியைப் பொற்கொடி பார்ப்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. வருடத்துக்கு ஒருமுறை வரும் இன்ஸ்பெக்டர் சுந்தரராஜுலு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ராசப்பனிடம் நலம் விசாரிப்பார், பதிவேட்டைப் புரட்டுவார், காப்பி குடிப்பார், கிளம்புவார்.

இந்த வருடம் ஜூனில்தான் அந்தக் கடிதம் வந்தது. ஏதோ ஒரு வெளிநாட்டு மையத்தில் உலகத்தின் பழைய வெப்பநிலைக் கணக்குகளையெல்லாம் ஒன்றுசேர்த்து, பூமி சூடாகிறதா என்று பார்க்கிறார்களாம். அவர்கள் கேட்டதை டெல்லி கேட்க, டெல்லி கேட்டதை மெட்ராஸ் கேட்டிருந்தது. விஷயம் இவ்வளவுதான்: இந்த நிலையத்தில் 1986 மார்ச் வரை, புள்ளிக்குப் பின்னால் வரும் எண் பெரும்பாலும் பூஜ்யம் அல்லது ஐந்து. அதற்குப் பிறகு எல்லா எண்களும் சமமாக வருகின்றன. கருவி மாறியதா, இடம் மாறியதா, ஆள் மாறியதா?

பொற்கொடி இரண்டு முறை படித்துவிட்டு அவருக்குப் படித்துக் காட்டினாள்.

"நான் அரையரையாத்தான் பாப்பேன்" என்றார் அவர். "நீ பொடிசாப் பாக்கற."

"கண்டுபுடிச்சுட்டாங்க பாருங்க, எங்கியோ உக்காந்துக்கிட்டு."

"எதும் மாறலைன்னு எழுதிப்போடு."

"ஏனுங்க, அது பொய்யில்லீங்களா? நீங்கதான சொல்லுவீங்க, எவனும் வந்து பாக்க மாட்டான்னு."

அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. நோய்க்குப் பிறகு சட்டென்று வந்துவிடும். "பள்ளிக்கூடத்துல எம் பேர எடுத்தாச்சு கண்ணு. இது ஒன்னுலதான் இருக்குது. இருந்துட்டுப் போகட்டும்."

அவள் எழுதினாள். கருவி மாறவில்லை, இடம் மாறவில்லை, ஆள் மாறவில்லை. கீழே அவர் பெயர். தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்த நாளிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் பால் பொங்குவது தெரியாமல் நிற்பாள். எட்டரைக்குப் பாதரசத்தைப் பார்க்கும்போது, இந்தப் பொடி எண்ணை இப்போது எவனோ பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று தோன்றும். ஒருநாள் அவர் பார்க்கிற மாதிரி, வேண்டுமென்றே இருபத்தேழு புள்ளி ஐந்து என்று எழுதினாள். அரைமணி நேரம் கழித்து அடித்துவிட்டு, உண்மையில் பார்த்த நான்கை எழுதினாள். தந்தியும் திருத்திப் போயிற்று. நஃபீசா, "என்னக்கா, ஒரு பாயிண்டுக்கா திரும்ப ட்ரங்க் போடறது?" என்று சிரித்தாள்.

*

இறந்த மறுநாள் முதல் பதிவேட்டின் கடைசிக் கட்டம் காலியாகவே இருந்தது. 'ரா' போடக் கை வரவில்லை. வேறு எதைப் போட அவளுக்கு உரிமை? அளவுகளை மட்டும் எடுத்தாள். கருமாதி நாளன்றுகூட எடுத்தாள். பொன்னாத்தாள் பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

அதற்கு நாலு நாள் கழித்து சுந்தரராஜுலு வந்தார். உயரமான மனிதர், கோயம்புத்தூர்க்காரர். துக்கம் விசாரித்தார். பிறகு பதிவேட்டைக் கேட்டார். ராசப்பன் இறந்த ஒன்பதாம் தேதிப் பக்கத்தில் விரல் நின்றது.

"ஏனுங்கம்மா, வாத்தியாரு எத்தன மணிக்குத் தவறுனாரு?"

"காத்தால நாலுக்குங்க."

"எட்டரைக்கு அவரு கையெழுத்து இருக்குதுங்களே."

பொற்கொடி அந்த 'ரா'வைப் பார்த்தாள்.

"அது நான் போட்டதுங்க. இந்தப் பத்து வருசமும் நான் போட்டதுதானுங்க. ஜூன்ல ஆள் மாறலைன்னு எழுதுனதும் நான்தான். அது பொய்யுங்க சார்."

அவர் பதிவேட்டை மூடினார். "தெரிஞ்சுதான் செஞ்சீங்களா? நியமனம் இல்லாத ஆளு பத்து வருசம் எடுத்திருக்கு. இது தெரிஞ்சா அத்தனையும் சந்தேகம்னு கோடு போட்டுருவாங்க. பெட்டியையும் எடுத்துட்டுப் போகச் சொல்லுவாங்க. நானும் வருசா வருசம் எல்லாம் சரின்னு எழுதியிருக்கேன்."

"வருசா வருசம் பதிவேட்ட உங்க கையில குடுத்தது நானுங்க. அவரு கை மடியிலயே கெடந்துச்சு. காப்பி குடிச்சுட்டே பாத்தீங்களே சார்."

சுந்தரராஜுலு தலை குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து இருபத்தைந்து.

"வாங்க. நான் மொதல்ல பாக்கறேன். சொல்ல மாட்டேன். அப்பறம் நீங்க பாருங்க."

கொல்லைக்குப் போனார்கள். அவர் கதவைத் திறந்து நின்றபடி பார்த்து, ஒரு துண்டுத்தாளில் எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பொற்கொடி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"முப்பத்தொன்னு புள்ளி நாலுங்க."

அவர் தாளைக் காட்டினார். புள்ளி ஆறு. அவர் முகத்தில் ஒரு சோர்வு வந்தது. "ரெண்டு பாயிண்ட் வித்தியாசமுங்க."

பொற்கொடி மறுபடியும் பெட்டியைப் பார்த்தாள், பிறகு அவர் உயரத்தைப் பார்த்தாள்.

"நீங்க குனியோணுங்க சார். மேலிருந்து பாத்தா ஏத்தித்தான் காட்டும். அவருதான் சொல்லிக்குடுத்தாரு. கண்ணு பாதரசத்துக்கு நேரா இருக்கோணும்."

அவர் முழங்காலை மடித்து, வேட்டி மண்ணில் பட, பாதரசத்துக்கு நேராகக் கண்ணைக் கொண்டுபோனார். வெகுநேரம் அப்படியே இருந்தார்.

"நாலுதானுங்க" என்றார்.

உள்ளே வந்து பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். நிலையத்தின் வரலாறு. இதை நிரப்பி அனுப்பினால் ஜூன் பதிலுக்கு மாற்றாக வெளிநாடுவரை போகும். வைத்துக்கொள்வதா, கோடு போடுவதா என்பது அவர்கள் இஷ்டம். தன் கையில் இல்லை என்றார். தன் பழைய அறிக்கைகளைப் பற்றியும் தனியாக எழுத வேண்டியிருக்கும் என்றார். பெட்டி அதுவரை இருக்கட்டும், அளவுகள் போய்க்கொண்டிருக்கட்டும்.

"உங்க கையாலயே எழுதுங்க. ஆளோட பேரு, எந்தத் தேதியிலருந்து எந்தத் தேதி வரைக்கும்."

பொற்கொடி பேனாவை வாங்கினாள். முதல் வரியில் ஆர். ராசப்பன் என்று எழுதினாள். 1968 என்று எழுதினாள். 'வரை' என்ற கட்டத்துக்கு வந்ததும் கை நின்றது. தன் பெயர் அடுத்த வரியில் வர வேண்டுமென்றால் அவர் பெயர் இங்கேயே முடிய வேண்டும். சில நாள் முன்புவரை இருந்த மனுசனுக்குப் பத்து வருடத்துக்கு முந்திய தேதி.

"இருந்துட்டுப் போகட்டும்னு கேட்டாருங்க சார்."

சுந்தரராஜுலு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க இஷ்டமுங்க. அப்படியே உட்டா, அந்தப் பத்து வருசம் யாரு பாத்ததுன்னு தெரியாமயே போயிரும். அவ்வளவுதான்."

அவள் எழுந்து உள்ளே போய்ப் பீரோவுக்கு அடியிலிருந்து எண்பத்தாறாம் வருடப் பதிவேட்டை இழுத்து வந்தாள். மார்ச் பதின்மூன்று. காலை: இருபத்து நான்கு புள்ளி ஐந்து. மாலை: முப்பத்தொன்று புள்ளி ஏழு. இரண்டுக்கும் ஒரே 'ரா'. காலை எண்ணின் நான்கு, அவர் போடுகிற மாதிரி மேலே திறந்திருந்தது.

"இந்த அஞ்சு அவருதுங்க" என்று விரலை வைத்தாள். "அன்னைக்குக் காத்தால அவருதான் பாத்தாரு. தேதி மட்டும் போட்டா அதும் என்னோடதா ஆயிரும்."

"ஃபாரத்துல நேரத்துக்கு எடமில்லீங்களே."

"பொடிசா எழுதறனுங்க."

கட்டத்தின் ஓரத்தில், கோட்டை ஒட்டி, எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் எழுதினாள்: 13-3-1986, காலை 8.30 வரை. அடுத்த வரியில் தன் பெயர். அன்று மாலை 5.30 முதல். பிறகு இன்றைய பதிவேட்டை எடுத்து, ஐந்தரை மணி அளவை எழுதி, கடைசிக் கட்டத்தில் 'பொ' என்று போட்டாள். தந்தித் தாளை மடித்துக்கொண்டு, சுந்தரராஜுலு குடிக்காமல் வைத்திருந்த காப்பி ஆறிக்கொண்டிருக்க, தபாலாபீஸுக்கு விறுவிறுவென்று நடந்தாள். ஆறு மணிக்குள் போக வேண்டும்.