கம்பை அறுத்த முத்தையா அண்ணாச்சி

கிராமசேவகர் முத்தையா அண்ணாச்சி இறந்த செய்தியைச் செல்லத்தாய்தான் எனக்குச் சொன்னாள். என் கொழுந்தனின் மனைவி அவள், கைம்பெண். சங்கரன்கோவில் சந்தையிலிருந்து வந்தவள் கூடையைக்கூட இறக்கவில்லை. "அக்கா, எங் கம்பை அறுத்த பாவி போய்ட்டான். பன்னெண்டு வருசமா மண்ணை வாரித் தூத்துனேன். இப்பத்தான் கோமதி ஆத்தா காதுல விழுந்திருக்கு." நான் அவள் கூடையை வாங்கி இறக்கி வைத்தேன்.

அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும், நல்ல வார்த்தை அவர் வாயில் வராது. வாடிய பயிரைக் காட்டினால், "பயிரு பிழைச்சுக்கிடும், நீதான் பிழைக்க மாட்டே" என்பார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் ஊர்ப் பண்ணையார் புஞ்சையில் விதைக்கென்று வீரியக் கம்பு போட்டார்கள். அண்ணாச்சி ஒரு நோட்டீஸை என் கையில் கொடுத்தார். எங்கள் தெருப் பெண்களில் எழுத்துக்கூட்டாமல் வாசிக்கிறவள் நான் ஒருத்திதான். அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு. ‘விதைப் புஞ்சையைச் சுற்றி, மகரந்தம் கலக்கும் பயிர்களை மூன்று வாரம் தள்ளி விதைக்கவும்’ என்று கணீரென்று வாசித்தேன்.

"அப்போ எங் கம்பு, அக்கா?" என்றாள் செல்லத்தாய். அவள் புஞ்சை அடுத்த வரப்பு.

மகரந்தத்தைச் சுமப்பது தேனீயும் வண்டும் என்று ஐந்தாம் வகுப்பில் படித்தது எனக்கு மனப்பாடம். "ஏட்டி, பூசணிக்கும் எள்ளுக்கும் சொல்லுதாவ. கம்புல தேன் ஏது, ஈ எதுக்கு வருது? நீ வெதை" என்றேன்.

கம்பு பூவெடுத்த அன்று காலையில் அண்ணாச்சி அரிவாள்காரர்களோடு வந்தார். செல்லத்தாய் வரப்பில் விழுந்து அவர் காலைப் பிடித்தாள். அவர் காலை உருவிக்கொண்டு ஒரு கதிரை ஒடித்து உதறினார். மஞ்சள் பொடி புகையாக எழுந்து விதைப் புஞ்சைப் பக்கம் போனது. "இதுக்கு ஈயும் வேண்டாம், வண்டும் வேண்டாம். காத்தே சுமந்துட்டுப் போயிரும். காத்துக்கு வரப்பு தெரியாது, கலந்தா வெதை கெட்டுப்போவும். ஏலே, அறுங்க."

பால் பிடிக்காத கதிரைப் பண்ணையார் மாடுகள் தின்றன. செல்லத்தாயின் மூத்த மகள் நாலாம் வகுப்போடு நின்று, தறிக்கு நூல் சுற்றப் போனாள்.

"தப்பாச் சொன்னது நான்தான் அண்ணாச்சி. அவகிட்டச் சொல்லிருதேன்" என்றேன் தனியாக.

"தெரியும். சொல்லாதே. சொன்னா இனி எவ ஒன் வாசிப்பை நம்புவா? எனக்கு நோட்டீஸ் வாசிக்க ஆள் வேணும். ஏச்சு வாங்க நான் இருக்கேன்."

இரக்கப்பட்டுச் சொன்னதில்லை. அதன்பின் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை. "ஏ அஞ்சாங்கிளாஸு, அர்த்தத்தை மொதல்ல எங்கிட்டச் சொல்லு, பெறவு அவளுககிட்ட வாசி" என்பார் கூட்டத்தில். எல்லோரும் சிரிப்பார்கள். செல்லத்தாய் மட்டும் எனக்காக அவரை ஏசுவாள்.

காற்றுப் பாடம் ஆறாம் வகுப்பில் இருக்கிறது. என் பேத்தி வாசிக்கக் கேட்டேன். சோளத்துக்குப் பக்கத்தில் கம்பும் இருக்கிறது.

இன்று காலை செல்லத்தாயிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் மண்ணை வாரவில்லை. "இதை எழுதிக் கொண்டுபோயி எம் மககிட்ட வாசிச்சுக் காட்டு. அவளுக்குத்தான் வாசிப்பு மறந்துபோச்சு" என்று கதவைச் சாத்தினாள்.

எழுதிவிட்டேன். அண்ணாச்சி எனக்கு விட்டுப்போனது அந்தப் பன்னிரண்டு வருஷத்து ஏச்சு. அதை வாங்கிக்கொள்ளத்தான் தறிவீட்டுக்குப் போகிறேன்.