ஒரு வீடா, இரண்டு வீடா?

திருவனந்தபுரம் கிளையிலிருந்து வந்த டிரங்க் காலில் மானேஜர் முதலில் மாதக் கணக்கைத்தான் கேட்டார். அதை முடித்துவிட்டு, "வைத்தியநாதய்யர் போயிட்டாராம், தெரியுமோ? நேற்று காலையில்" என்றார். நாகர்கோவில் கிளையில் அப்போது கூட்டம். எனக்கு முன்னால் பாலிசிக்குப் பணம் கட்ட வந்தவர்கள் நின்றிருந்தார்கள். அவர்களை அனுப்பிவிட்டுத்தான் அவரைப் பற்றி யோசிக்க நேரம் கிடைத்தது.

திருவனந்தபுரம் தம்பானூரில் எங்கள் கம்பெனியின் ஆபீஸ் இருந்த மாடியில் அவரோடும் என்னோடும் வேலை பார்த்தவர்கள் இதைப் படிப்பீர்கள். அவரை ஒரு கடுகடுப்பான அக்கவுண்டண்டாக உங்களுக்குத் தெரியும். அந்த அபிப்பிராயத்தை மாற்ற நான் முயலவில்லை. அவருடைய வீட்டு வரி அப்பீல் விஷயத்தில் மட்டும் நான் கூடவே இருந்தேன். அதைச் சொல்கிறேன்.

அதே ஊரில் ஸ்ரீவராகத்தில் அவருக்கும் தம்பி மணிக்கும் தகப்பனார் விட்டுப்போன வீடு ஒன்று. நிலையான உத்தியோகத்தை விட்டுவிட்டு மணி பொன்முடியில் தேயிலை ஏஜென்சியில் கூட்டுச் சேர்ந்தார். அண்ணாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏஜென்சி முழுகியது. அதன் பிறகு நடந்த சண்டையில் ஐயர் கொத்தனைக் கூப்பிட்டு, கூடத்தின் நடுவிலிருந்து கொல்லைவரைக்கும் சுவர் எழுப்பிவிட்டார். மணி தெருப்பக்கத்து ஜன்னலைப் பெயர்த்து வாசல் வைத்துக்கொண்டார். இரண்டு சமையலறை, இரண்டு வாசல். பேச்சு நின்றுபோனது.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றான பிறகு நகரசபையார் வீடுகளுக்குப் புதிதாக மதிப்புப் போட்டார்கள். பார்க்க வந்தவர் இரண்டு வாசலைக் கண்டு இரண்டு வீடு என்று எழுதி, இரண்டு நம்பர் கொடுத்துவிட்டார். ஒவ்வொரு பாதிக்கும் வந்த வரி, முன்பு முழு வீட்டுக்கும் கட்டியதற்குக் குறையவில்லை. மணிக்கு அதில் வருத்தமில்லை. தனி நம்பர் கிடைத்தால் தன் பாதியைத் தனியாக விற்கலாம். தம்பானூர் லாட்ஜ்காரர் ஒருவர் சாமான் போட்டுவைக்க அதை வாங்கத் தயாராக இருந்தார். பணம் கையில் வந்ததும் பம்பாய்க்குப் போவதாக மணி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரே வீடுதான் என்று ஐயர் அப்பீல் போட்டார். மலையாளத்தில் மனு எழுதிக் கொடுத்தது நான். 'தற்காலிகமான ஒரு தடுப்பு' என்று சுவரைக் குறிப்பிட்டிருந்தேன். அவர் படித்துவிட்டுப் பேனாவை எடுத்து அந்த முதல் சொல்லை அடித்தார்.

"தற்காலிகமா? பிள்ளைவாள், செங்கல்லும் சுண்ணாம்பும் வெச்சுக் கட்டியிருக்கேன். என் ஆயுசுக்கும் நிக்கணும்னுதான் கட்டினேன்."

"அப்படி எழுதினால் அப்பீல் தோற்றுவிடும், சார்."

"தோக்கட்டும். அப்பீல்தானே?"

விசாரணைக்கு மணிக்கும் நோட்டீஸ் போயிருந்தது. வந்து பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார். வரி அதிகாரி நிதானமான மனிதர். மனுவைப் புரட்டிவிட்டு ஐயரைப் பார்த்து, "ஈ சுவரு ஆரு கெட்டியதாணு?" என்று, சுவரைக் கட்டியது யார் என மலையாளத்தில் கேட்டார்.

தகப்பனார் காலத்துச் சுவர், அப்போதும் ஒரே வீடுதான் என்று சொல்லியிருக்கலாம். இல்லையென்று காட்ட அந்த ஆபீஸில் எந்த வரைபடமும் கிடையாது. மணி தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"நான்தான்" என்றார் ஐயர்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "சுவரும் நீங்கள் கட்டி, வீடு ஒன்று என்று அப்பீலும் நீங்கள் போட்டால் நான் என்ன எழுத? அடுத்த மாதம் நேரில் வருவேன். சுவர் இருந்தால் இரண்டு, இல்லாவிட்டால் ஒன்று" என்று சொல்லி எங்களை அனுப்பிவிட்டார்.

மணி முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டார். தம்பியின் சம்மதமில்லாமல் சுவரில் கைவைக்கக்கூடாது என்று அவருக்குத் தெரியும். சாட்சிக்கு இருக்கட்டும் என்று என்னையும் அழைத்துக்கொண்டு நேரே தம்பியின் வாசலுக்குப் போனார். அந்த வாசல் ஏற்பட்ட பிறகு அவர் அதில் ஏறியது அன்றுதான் முதல் தடவை. மணி கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"சுவரை எடுத்துடலாம்னு பார்க்கறேன்" என்றார் ஐயர்.

"எடுத்துட்டா நான் விக்க முடியாதே."

"முடியாது. தெரிஞ்சுதான் கேக்கறேன்."

மணி என்னைப் பார்த்தார். பிறகு அண்ணாவை. "எனக்காக வந்தேளா, வரிக்காக வந்தேளா?"

ஒரு நல்ல வார்த்தை சொன்னால் காரியம் முடிந்துவிடும். ஐயர் சற்று நேரம் யோசித்தார். அவர் யோசித்தது உண்மை எது என்பதைத்தான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

"வரிக்காகத்தான்" என்றார். "மத்தது எனக்குச் சொல்லத் தெரியலே."

"எனக்காகன்னு சொல்லியிருந்தா கதவைச் சாத்தியிருப்பேன்" என்ற மணி, கதவை விட்டு விலகினார். "நான் தொட மாட்டேன். கட்டினவாளே இடிக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை ஐயர் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாரையை எடுத்தார். பேனா பிடித்த கை. சீக்கிரமே கொப்புளம் கண்டுவிட்டது. மணி தன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தூசியெல்லாம் அவருடைய சமையலறைக்குள் போயிற்று. கடைசியில் பொறுக்கமாட்டாமல், "அடியிலே குத்தினா தலையிலே விழும். மேலேருந்து எடுக்கணும், கொண்டாங்கோ" என்று கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டார்.

அதிகாரி வந்து கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் புறப்பட்டார். ஐயர் விடவில்லை. "இந்தப் பக்கம் இன்னொரு அடுப்பும் இருக்கு. அதையும் பார்த்துடுங்கோ" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அதிகாரி சிரித்துவிட்டு, அங்கே நின்ற மணியின் மனைவியிடம் ஏன் இரண்டு அடுப்பு என்று கேட்டார். "மன்னி புளி ஜாஸ்தி விடுவா. எனக்கு ஒத்துக்காது" என்றாள் அவள்.

ஒரே வீடு என்று உத்தரவு வந்தது. புது வாசலுக்காக மதிப்பைக் கொஞ்சம் கூட்டியிருந்தார்கள். மேல் அப்பீல் போடலாமே என்றேன். "வாசல் இருக்கே, நியாயம்தான்" என்று ஐயர் பேச்சை முடித்துவிட்டார்.

சுவர் போனதும் பாசம் பொங்கியது என்று நான் எழுதினால் அவர் எழுந்துவந்து அடித்துத் திருத்துவார். லாட்ஜ்காரர் பின்வாங்கிவிட்டார், பம்பாய் இல்லையென்றாயிற்று. அந்தக் கோபத்தில் மணி பல மாதம் பேசவில்லை. ஒரே கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு சாலைக் கடைத்தெருவில் மணிக்குக் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. எப்போது பேசத் தொடங்கினார்கள் என்று இரண்டு பேருக்குமே நினைவில்லை.

ஐயரின் காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு ஸ்ரீவராகத்துக்குப் போனேன். மணி சொன்னார்: "அண்ணா ஒரு நாளும் வருத்தம்னு சொன்னதில்லே, நானும் எதிர்பார்க்கலே. ஆனா சேர்ந்து சாப்பிட உக்காந்தா என் இலைக்குத்தான் முதல்லே பரிமாறச் சொல்வார். ஏன்னு ஒரு நாள் கேட்டேன். 'லேட்டானா நீ கத்துவே, எனக்குக் காது வலிக்கும்'னார்."

ஒரு செயலுக்கு அழகான காரணம் ஒன்றும் உண்மையான காரணம் ஒன்றும் கையில் இருந்தால், மனிதர்கள் அழகானதை எடுத்து நீட்டுவார்கள். நானும் அப்படித்தான். வைத்தியநாதய்யர் உண்மையானதை எடுத்து முன்னால் வைத்துவிட்டு, வருவதை ஏற்றுக்கொள்ள நின்றுகொண்டிருப்பார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்ள விரும்புவது அது ஒன்றுதான்.

புறப்படும்போது மணி, "ஆபீஸ் ஜோலியா வந்தேளா? இல்லே, கோயிலுக்கா?" என்று மரியாதைக்குக் கேட்டார். இரண்டுமே சொல்லத்தக்க பதில்கள்.

"இல்லை. அவர் போய்விட்டார் என்பது நாகர்கோவிலில் இருந்தபடி மனசில் பதியவில்லை. அதற்காக வந்தேன்" என்றேன்.