பொன்னி பெயர் எழுதிய மட்கார்டு

நெம்மேலியில் ஏசுபாதம் வருவதை யாரும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டதில்லை. மூக்குதான் முதலில் சொல்லும். வருஷக்கணக்காக மண்ணெண்ணெய் விற்கிறவன் மேல் சந்தன வாசனையா வரும்? ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில்கூட, மெழுகுவத்தி ஏற்றுகிறவர் அவனைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிக் கையைக் காட்டுவார்.

விடிந்ததும் கால்வாய்ப் படகில் எண்ணெய் டின் வந்து இறங்கும். அதைச் சைக்கிளின் பின் கேரியரில் கட்டிக்கொண்டு, ஊர் ஊராக அளந்து ஊற்றியபடி மாமல்லபுரம் வரை போவான். ரோடு என்று ஒன்று இருந்தால்தானே ரோட்டில் போக? அந்தக் கரையில் சைக்கிள் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் ஒரே வழிதான்: அலை நனைத்துவிட்டுப் போன ஈர மணல். அது கெட்டியாக இருக்கும், சக்கரம் புதையாது. கொஞ்சம் மேலே ஏறினால் மணல் விழுங்கும், கொஞ்சம் கீழே இறங்கினால் கடல் விழுங்கும். நடுவில் ஒரு முழ அகலத்தில் ஏசுபாதத்தின் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பிழைப்பில்தான் பொன்னியின் கால் வந்து குறுக்கே நின்றது.

பொன்னி அவன் மனைவி. கால்வாயில் மட்டி பொறுக்கும்போது கிளிஞ்சல் ஒன்று உள்ளங்காலைக் கிழித்துவிட்டது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. வெளுத்த துணியை அழகாகச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். மண்ணெண்ணெய் வாசனையையும் மீறி வீட்டில் வேறொரு வாடை வீசியபிறகுதான் ஏசுபாதம் துணியை அவிழ்த்துப் பார்த்தான். பார்த்தவன் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மாமல்லபுரத்து ஆஸ்பத்திரியில் நர்சம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: தினமும் வந்து கட்டு மாற்ற வேண்டும், இல்லையென்றால் காலை எடுக்க வேண்டியதுதான். மாட்டு வண்டியில் போகலாமே என்றால், அந்த மணலில் மாடு போய்ச் சேர்வதற்குள் ஆஸ்பத்திரியைப் பூட்டிவிடுவார்கள். சைக்கிளில் இருப்பதோ ஒரு கேரியர். அதில் டின் உட்கார வேண்டும், அல்லது பொன்னி உட்கார வேண்டும்.

சில நாள் பொன்னியை ஏற்றிக்கொண்டு போனான். வழியில் ஊரெல்லாம் விளக்கில்லாமல் கிடந்து அவனைத் திட்டியது. படகுக்காரர் வேறு ஆளைப் பார்ப்பதாகச் சொல்லியனுப்பினார். மறுநாள் பொன்னி எழுந்திருக்கவே இல்லை.

"நா வரல. நீ எண்ணெ விக்கப் போ."

"காலு போய்டும்மே."

"போவட்டும். இன்னொரு காலு கீதில்ல?"

அவளோடு வாதாட அவனுக்குத் தெம்பில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு படகுத் துறைக்குப் போனான். அங்கே திருவேங்கடத்தின் சைக்கிள் கடை இருந்தது. கூரையில் ஒரு பழைய முன் கேரியர் தொங்கிக்கொண்டிருந்தது.

"நைனா, இத்த என் வண்டியில மாட்டிக் குடுங்க. டின்னு முன்னால, பொன்னி பின்னால."

"நீ நடுவுல. சர்க்கஸ் காட்டப் போறியா ஏசு?" என்றபடியே திருவேங்கடம் கேரியரை இறக்கி வைத்துப் பார்த்தான். "இது குட்டை வண்டிது. கேரியர் காலு ரெண்டும் கீழ ஆக்ஸில் வரிக்கும் எறங்கி நிக்கணும். ரெண்டு விரக்கட கொறையுது பார்."

"மட்கார்டுலயே வெச்சி முடுக்கிடுங்க."

"மட்கார்டு இன்னாத்துக்கு கீது? சேறு அடிக்காம இருக்கறதுக்கு. சொம தூக்கறதுக்கா?"

"என் மட்கார்ட பாத்துட்டு சொல்லுங்க. எப்படி பளபளன்னு கீது!"

பளபளவென்றுதான் இருந்தது. சனிக்கிழமை தவறாமல் எண்ணெய்த் துணியால் துடைப்பான். கல்யாணமான புதிதில் அதன் மேல் வெள்ளைப் பெயிண்டில் 'பொன்னி' என்று எழுதியிருந்தான். கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் அது கொஞ்சம் சரிந்து கிடக்கும்.

திருவேங்கடம் கைத் துளையானை மட்கார்டில் வைத்துச் சுற்றினான். அது 'பொசுக்'கென்று உள்ளே போயிற்று.

"இன்னாடா இது, அப்பளத்துல ஆணி எறக்கின மாரி போவுது?"

ஏசுபாதத்துக்கும் அது கேட்டது. ஆனால் அலுத்துப் போனவனுக்கு நல்ல சேதி மட்டும்தான் காதில் நிற்கும். "உங்க துளையான் கூரு அப்டி" என்றான். போல்ட்டை முடுக்கியாயிற்று. கேரியர் மட்கார்டின் மேல் ராஜா மாதிரி உட்கார்ந்தது.

பொன்னி நம்பவில்லை. "மொதல்ல டின்னுல தண்ணிய ஊத்தி ஓட்டிக் காட்டு. எண்ணெ கொட்டிச்சின்னா கடலாண்டயா காசு கேப்பே?" என்றாள்.

கடல் தண்ணீரையே மொண்டு டின்னை நிரப்பினான். பொன்னி கட்டுமரத்தின் மேல் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்தாள். ஈர மணலில் சைக்கிள் நன்றாகவே ஓடியது. அவனுக்கே தைரியம் வந்து, திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அந்த நேரம் பார்த்து மட்கார்டு கிழிந்தது. கேரியர் டின்னோடு டயரின் மேல் உட்கார, சக்கரம் நின்றது. ஏசுபாதம் நிற்கவில்லை. ஹாண்டில்பாரைத் தாண்டி அலைக்குள் போய் விழுந்தான்.

"இன்னாய்யா, இன்னொரு தபா ஞானஸ்நானமா?" பொன்னி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அடங்கியதும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வுடுய்யா. நமக்கு விதிச்சது அவ்ளோதான்."

அவன் எழுந்து வரவில்லை. அலை இடுப்பு வரை வந்து வந்து போக, அங்கேயே உட்கார்ந்திருந்தான். கீழே கிடப்பதில் ஒரு சௌகரியம் இருந்தது. இனி விழுவதற்கு இடமில்லை. பிறகு டின்னைப் பார்த்தான், பொன்னியின் கட்டைப் பார்த்தான், எழுந்தான்.

கிழிந்த மட்கார்டைக் கடையில் திருவேங்கடம் கழற்றித் தலைகீழாகத் திருப்பிக் காட்டினான். உள்பக்கம் முழுக்கத் துரு, சொறி பிடித்த மாதிரி செதில் செதிலாக நின்றது. எத்தனை வருஷத்து உப்புத் தண்ணீர் அடித்திருக்கிறது அதில்!

"மேல மேலயே தொடச்சிக்கினு இருந்தியே, ஒரு தபா குனிஞ்சி அடியில பாத்தியா? தகரம் எப்பவோ பூட்ச்சி. உம் பொண்டாட்டி பேரு எழுதின பெயிண்டுதான் இத்தினி நாளா தாங்கிக்கினு இருந்திருக்குது."

ஏசுபாதம் கையில் இருந்த கேரியரை, வைக்க வேறு இடமில்லாமல், மொட்டையாக நின்ற முன் சக்கரத்தின் மேலேயே சாய்த்து வைத்தான். அது சரிந்து இறங்கி நின்றது. திருவேங்கடம் வாயைத் திறந்தபடி குனிந்தான்.

"அட, தோ பார்றா! மட்கார்டு போனதும் கேரியர் கீழ எறங்கிட்ச்சி. டயர்ல ஒரசாம காலு ஆக்ஸிலாண்ட வந்து நிக்குது!"

"அப்போ மாட்டலாமா நைனா?"

"மாட்டலாம். ஆனா சேறு, மண்ணு, உப்புத் தண்ணி அத்தினியும் உன் மூஞ்சிக்குத்தான் வரும்."

"வரட்டும்" என்றான் ஏசுபாதம். "மூஞ்சி துரு புடிக்காது."

மறுநாள் காலை டின் முன்னால் உட்கார்ந்தது. பொன்னி பின்னால், கட்டுப் போட்ட காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஈர மணல் சக்கரத்தோடு சுற்றி வந்து அவன் முகத்தில் அடித்தது. கண்ணை இடுக்கிக்கொண்டு மிதித்தான். ஊருக்கு ஊர் இறங்கி எண்ணெய் ஊற்றும்போது பிள்ளைகள் அவனைப் பார்த்துக் கூச்சலிட்டன. பொன்னி ஒவ்வொரு நிறுத்தத்திலும் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். துடைக்கிற சாக்கில் காதையும் ஒரு திருகு திருகினாள்.

ஆஸ்பத்திரி வாசலில் நர்சம்மா பொன்னியைப் பார்க்கவில்லை. தலை முதல் மார்பு வரை மண் அப்பி நின்ற ஏசுபாதத்தைப் பார்த்துத்தான் பதறினார். "ஐயோ, இவருக்கு என்ன ஆச்சு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர்," என்றாள் பொன்னி. "மட்கார்டு இல்ல."

கட்டை அவிழ்த்தார்கள். நர்சம்மா மூக்கை வைத்துப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார், நடுவில் வராமல் போனதற்குத் திட்டினார். கடைசியில், "நாளைக்கும் வரணும். இப்படியே வந்தா காலு நிக்கும்" என்றார்.

ஏசுபாதம் வெளியே வந்து சைக்கிள் பக்கத்தில் குந்தினான். டின்னில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் இருந்தது. அதை விற்க வேண்டும், எதிர்காற்றில் திரும்பிப் போக வேண்டும், நாளைக்கும் வர வேண்டும், நாளை மறுநாளும் வர வேண்டும். நினைக்கும்போதே முழங்கால் வலித்தது. பல்லிடுக்கில் அரைபட்ட மணலைத் துப்பிவிட்டு, உள்ளே பொன்னி நர்சோடு வம்பளக்கும் குரலைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தான்.

பெயர் எழுதிய மட்கார்டுத் துண்டை மட்டும் அவன் கடையில் விட்டு வரவில்லை. அடுப்புச் சாம்பல் அள்ள அது வசதியாக இருப்பதாகப் பொன்னி சொன்னாள்.