முதுகுப் பக்கம் வந்த மழை

மலையடிவாரத்துப் போடியில் மேகத்தைப் பார்த்து யாரும் ஓடுவதில்லை. ஆனி பிறந்ததும் மேற்கே மலை முழுக்கக் கருமேகம் இறங்கிவிடுகிறது. தெருவிலோ மிளகாய் வற்றல் அதுபாட்டுக்குக் காய்ந்துகொண்டிருக்கிறது. வந்த புதிதில் நான் மட்டும் அலறியடித்துக்கொண்டு கொடித் துணிகளை அள்ளுவேன். பக்கத்து ஊரான சிலமலையிலிருந்து வாக்கப்பட்டு வந்த பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் சிரிப்பாள். "சிலோன் மதினி, அது மலையில பேயுற மழை. நமக்குக் காத்து மட்டுந்தேன்."

இலங்கையில் மஸ்கெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் இதை எப்படி நம்புவாள்? அங்கே மேற்கு கறுத்தால் உலைத் தண்ணீர் கொதிப்பதற்குள் மழை கொட்டும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நான் போட்ட போஞ்சி, இங்கே பீன்ஸ் என்கிறார்களே அதுதான், அந்த மழையில் கொடி வீசும். எழுபதுகளில் இரு நாட்டு ஒப்பந்தப்படி எங்களை இந்தியாவுக்கு அனுப்பியபோது கப்பலில் நான் ஆசையாகக் கொண்டுவந்தது அந்த விதையை மட்டுமே. அது முளைக்காமல் போனால் அந்த மண்ணிலிருந்து என்னிடம் எதுவும் மிஞ்சாது.

வந்த வருடமே, ஆனியில், கொல்லையைக் கொத்திவிட்டேன். "ஐப்பசி வரட்டும் மதினி, இம்புட்டு வெரசா என்ன சோலி?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பேச்சியம்மாள் கத்தினாள். நான் கேட்டால்தானே! தனக்கும் வேண்டும் என்று அவள் கேட்டதால் ஒரு பிடி கொடுத்துவிட்டு மீதி அத்தனையும் ஊன்றினேன். சாரல் பட்டு முளைத்தன. என்ன பச்சை! ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கிவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்து பார்ப்பேன். ஆடி வந்தது. கணவாய் வழியே இறங்கிய காற்று பந்தலையும் கொடியையும் சுருட்டி வேலியில் எறிந்தது. சோறு இறங்காமல் அழுதேன்.

ஐப்பசியில் ஒரு மாலை, வழக்கம்போல மலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். மேற்கு வெளுத்துக் கிடந்தது. படபடவென்று முதுகில் விழுந்தது மழை! திரும்பினால் கிழக்கு வானம் முழுக்கக் கறுப்பு. நாங்கள் கப்பலேறி வந்த திசை அது. அங்கிருந்து இனி இந்த ஊருக்கு வரப்போகிறவர்களே, நினைவில் வையுங்கள், இங்கே மழை அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். நனைந்துகொண்டே கூத்தாடினேன். பேச்சியம்மாள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்து என் கையில் விதையைத் திணித்தாள்.

"நீ போடவே இல்லையா?"

"ஒங்க அவசரந் தெரிஞ்சுதேன் வாங்கி வச்சேன். மம்பட்டியக் கொண்டாங்க."

தைக்குள் கொத்துக்கொத்தாகக் காய்த்துத் தள்ளியது. பேச்சியம்மாள் மடி நிறையப் பறித்து, "சிலோன் போஞ்சி" என்று தெரு முழுக்கக் கொடுத்துப் பெருமையடித்தாள். முற்றிய விதையில் ஒரு பங்கை, கொழும்புக்குப் போன ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம், தோட்டத்திலேயே தங்கிவிட்ட என் தங்கைக்குக் கொடுத்தனுப்பினேன்.

அங்கே எங்களை இந்தியாக்காரர் என்றார்கள்; இங்கே சிலோன்காரர். விதைக்கு அந்தத் தொல்லை கிடையாது என்று நினைத்திருந்தேன். அடுத்த முறை போய்வந்த வியாபாரி சந்தோஷமாகச் சொன்னார்: தங்கை வீட்டில் அமோகமாகக் காய்க்கிறதாம். லயத்தில் எல்லோரும் அதைப் போடிப் போஞ்சி என்கிறார்களாம்.